வளர்ச்சியும் வீக்கமும்



உடல் பருப்பதற்கு இரு காரணங்கள் உண்டு. உண்ட உணவு செரித்து, எலும்பும் தசையும் உரம் பெற்றுப் பருப்பது ஒன்று. நீர் கோத்துப் பருப்பது மற்றொன்று. முன்னதை வளர்ச்சி என்கிறோம். பின்னதை வீக்கம் என்கிறோம். தொலைவில் நின்று பார்ப்போர்க்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம். ஆயினும், ஒன்று நலத்தின் அடையாளம். மற்றொன்று நோயின் அடையாளம். பொருளாதார நூலாரும் இவ்விரு சொற்களையே எடுத்தாளுகின்றனர். நாட்டில் விளையும் நெல்லும், நெய்யும் துணியும், ஓடும் வண்டியும், கற்பிக்கும் கல்வியும் பெருகுவதைப் பொருளாதார வளர்ச்சி என்பர். பொருள் பெருகாமல் பணம் மட்டும் பெருகி, அதனால் விலைகள் ஏறுவதைப் பணவீக்கம் என்பர். விரலுக்குத் தக்க வீக்கம் என்று நம் முன்னோர் சொல்லி வைத்ததும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது.

இவ்விரண்டையும் விளக்குவதற்குத் தொலைதேசங்களுக்குச் செல்லவேண்டுவதில்லை. பாக்குநீரிணையின் இரு கரைகளுமே போதும். 2022ஆம் ஆண்டில் இந்தியா, தன்னை ஒரு காலத்தில் ஆண்ட பிரித்தானியாவையும் பின்தள்ளி, உலகப் பொருளாதாரங்களுள் ஐந்தாம் இடத்தைப் பிடித்தது என்னும் செய்தி வெளியாயிற்று. அதே ஆண்டு ஏப்ரல் 12ஆம் தேதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக இலங்கை அறிவித்தது. உக்ரேன் போரினால் உலகச் சந்தையில் எண்ணெயும் கோதுமையும் விலையேறியது இரு நாட்டுக்கும் பொதுவே. எனினும், 2022 செப்டெம்பரில் இந்தியாவின் சில்லறை விலைகள் முந்தைய ஆண்டைவிட 7 சதவீதத்துக்குச் சற்று மேலாக உயர்ந்திருந்தன. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி நம் நாட்டு விலைகளோ 69.8 சதவீதம் உயர்ந்திருந்தன. உணவுப் பொருள்களை மட்டும் தனியே எடுத்தால் உயர்வு 94.9 சதவீதம். உலக விலையே எல்லாவற்றுக்கும் காரணம் என்போர் இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும்.

இந்தியா என்றுமே செல்வச் செழிப்பில் திளைத்த நாடன்று. 1991ஆம் ஆண்டில் அதன் நிலை ஏறக்குறைய நமது 2022ஆம் ஆண்டின் நிலையையே ஒத்திருந்தது. வளைகுடாப் போரினால் எண்ணெய் விலை ஏறிற்று. வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பும் பணம் குறைந்தது. கையிலிருந்த அந்நியச் செலாவணி இரண்டு மூன்று வார இறக்குமதிக்கே போதுமானதாயிற்று. அப்போது இந்திய ரிசர்வ் வங்கியின் ஆளுநராயிருந்தவர் நாகர்கோவிலிற் பிறந்த எஸ். வெங்கிட்டரமணன், துணை ஆளுநர்களுள் ஒருவர் அரியலூரிற் பிறந்த சி. ரங்கராஜன். அவ்வாண்டு மே மாதத்தில் 20 தொன் பொன் சுவிட்சர்லாந்து வங்கியொன்றுக்கு விற்கப்பட்டது. ஜூலையில் ஏறக்குறைய 47 தொன் பொன் விமானமேறி இங்கிலாந்து வங்கியில் அடகாகச் சேர்ந்தது. வீட்டு நகையை அடகுவைக்கும் நாளில் ஒரு குடும்பம் எத்துணை நாணுமோ அத்துணை நாணம் அந்நாட்டுக்கு அன்று நேர்ந்தது.

நாணியவர்கள் வாளாவிருக்கவில்லை. அவர்கள் செய்தவற்றுள் மூன்றினை நாம் கருத்திற் கொள்ளல் வேண்டும். முதலாவது, ஏற்றுமதியையும் தொழிலையும் கட்டியிருந்த தளைகளைத் தளர்த்தி, அந்நியச் செலாவணியைச் சிறுகச் சிறுகச் சேர்த்தனர். இரண்டு மூன்று வாரத்துக்கே போதுமாயிருந்த கையிருப்பு 2021ஆம் ஆண்டில் 60,000 கோடி டொலரைத் தாண்டிற்று. இரண்டாவது, அரசு தனக்கு வேண்டியபோதெல்லாம் மத்திய வங்கியிடம் உண்டியலைக் கொடுத்துப் புதுப்பணம் பெறும் வழக்கத்தை 1997ஆம் ஆண்டு ஏப்ரலில் ஓர் உடன்படிக்கையினால் நிறுத்தினர். அவ்வுடன்படிக்கை எழுதப்பட்டபோது ரங்கராஜனே ஆளுநராயிருந்தார். மூன்றாவது, இந்திய அரசின் கடன் மிகப் பெரிதெனினும், அதன் பெரும்பகுதி தன் நாட்டு மக்களிடமும் வங்கிகளிடமும் தன் நாணயத்திலேயே வாங்கப்பட்டது.

இதனால் இந்தியாவில் யாவும் நலமே என்று நான் கூறவில்லை. வளர்ச்சியின் பயன் அங்கு எல்லார்க்கும் ஒருபடியாய்ச் சென்று சேரவில்லை. படித்த இளைஞர் பலர் வேலை தேடி அலைகின்றனர். வளர்ந்துவரும் நாடு வழுக்கி விழாது என்ற உறுதியும் இல்லை. பங்களாதேஷ் 2021ஆம் ஆண்டில் நமக்கே 20 கோடி டொலர் கைமாற்றாகத் தந்து உதவிய நாடு. அந்நாடே ஈராண்டு செல்லுமுன், 2023 ஜனவரியில், சர்வதேச நாணய நிதியத்தின் கடனுக்கு ஒப்பந்தம் செய்யவேண்டியதாயிற்று. ஆகவே வளர்ச்சி என்பது ஒரு முறை ஏறிவிட்டால் இறங்கவேண்டாத மாடியன்று. நாள்தோறும் துடுப்புப் போடவேண்டிய படகு.

இனி நம் கதைக்கு வருவோம். நம் நாடு கடன்பட்டது நேற்று இன்றல்ல. ஆயினும், முன்னாளிற் பட்ட கடன் பெரும்பாலும் நீண்ட தவணையும் குறைந்த வட்டியும் கொண்டது. 2007ஆம் ஆண்டில் முதன்முறையாக 50 கோடி டொலருக்குச் சர்வதேச இறைமை முறிகளை அரசு வெளியிட்டது. அதன்பின் இவ்வழியாக வாங்கிய சந்தைக் கடன், 2022இல் ஏறக்குறைய 1,250 கோடி டொலராய் வளர்ந்திருந்தது. இக்கடனுக்கு வட்டி மிகுதி; தவணையும் குறுகியது. கடன் வாங்குதல் தன்னளவில் தீதன்று. விதைநெல்லுக்குக் கடன் வாங்கும் உழவன் அறுவடையில் அதனைத் தீர்க்கிறான். டொலரிலே வாங்கிய கடனைத் தீர்ப்பதற்கு டொலரை ஈட்டும் அறுவடை வேண்டும். அந்த அறுவடையோ சுருங்கிற்று. 2000ஆம் ஆண்டில் தேசிய உற்பத்தியில் நூற்றுக்கு 39 பங்காயிருந்த ஏற்றுமதி, அடுத்த பதிற்றாண்டில் நூற்றுக்கு 20 பங்கை ஒட்டி நின்றது. கடன் மேலே ஏற, அதனைத் தீர்க்கும் வலிமை கீழே இறங்கிற்று.

இந்நிலையில் 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வேறு பல வரிகளும் நீக்கப்பட்டன. அடுத்த சில மாதங்களில் கொரோனாத் தொற்று வந்து உல்லாசப் பயணத்துறையை முடக்கிற்று. 2021இல் இரசாயன உரத்துக்குத் திடீரெனத் தடை வந்து, வயலும் தோட்டமும் விளைவு குன்றின. அரசின் வருவாய் வீழ்ந்தது, செலவு வீழவில்லை. இடைவெளியை நிரப்பியது எது? மத்திய வங்கி. 2019 இறுதியில் அவ்வங்கி கைக்கொண்டிருந்த திறைசேரி உண்டியல்களின் பெறுமதி 10,000 கோடி ரூபாவுக்கும் குறைவு. 2021 இறுதியில் அது 1,40,000 கோடி ரூபாவை எட்டிற்று. புதிதாய்ப் பிறந்த அந்த ரூபா, நாட்டிலே விளைந்த எந்தப் பொருளுக்கும் ஈடாகப் பிறந்ததன்று. அது வளர்ச்சியன்று, வீக்கம்.

வீக்கம் உடனே வெளியிற் புலப்படவில்லை. ஒரு டொலருக்கு ஏறக்குறைய 200 ரூபா என்று விலையைப் பிடித்து நிறுத்திவைத்திருந்தமையால் அது மறைந்திருந்தது. அவ்வாறு பிடித்து நிறுத்துவதற்கும் கடனைக் கட்டுவதற்குமாகக் கையிருப்பு டொலர் கரைந்தது. 2019 இறுதியில் 760 கோடி டொலராயிருந்த ஒதுக்கு, 2022 மே மாதத்தில், எடுத்துச் செலவிடத்தக்கது 5 கோடி டொலர்கூட இல்லை என்று நிதி அமைச்சரே பாராளுமன்றத்திற் கூறுமளவுக்குத் தேய்ந்தது. 2022 மார்ச் 7ஆம் தேதி அணை திறக்கப்பட்டது. இரண்டு மாதங்களுள் ஒரு டொலர் ஏறக்குறைய 360 ரூபாவாயிற்று. அதன்பின் நடந்தவற்றை நேயர்கள் அறிவீர்கள். 13 மணி நேர மின்வெட்டும், சமையல் வாயுவுக்கும் பால்மாவுக்கும் நின்ற வரிசைகளும், தாள் இல்லாமையால் மேல் மாகாணப் பாடசாலைகளிலே தவணைப் பரீட்சை பிற்போடப்பட்டதும் மறக்கத்தக்கவை அல்ல.

இத்துணை பெரிய நோய் ஏன் தொடக்கத்திலேயே தடுக்கப்படவில்லை என்று கேட்கலாம். அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1953ஆம் ஆண்டில், கொரியப் போர்க்கால இறப்பர் விலை வீழ்ந்து வருவாய் சுருங்கியபோது, பங்கீட்டு அரிசியின் விலையை ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக அரசு உயர்த்திற்று. ஆகஸ்ட் 12ஆம் தேதி நாடெங்கும் ஹர்த்தால் வெடித்தது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். அன்று தொட்டு, வெளிப்படையாக விலையை உயர்த்துவதற்கும் வரியை விதிப்பதற்கும் அரசுகள் அஞ்சின. ஆனால் செலவு அஞ்சுவதில்லை. வரியாக வாங்காததை எங்கிருந்தேனும் வாங்கியே தீரவேண்டும். பணத்தை அச்சிட்டு வாங்குவது எளிது. அதற்குப் பாராளுமன்றத்தில் விவாதமில்லை, வர்த்தமானி அறிவித்தலும் இல்லை. பணவீக்கம் என்பது யாரும் சட்டமியற்றாமல் எல்லாரிடமும் பிடுங்கப்படும் வரி. அந்தக் குறுக்குவழியும் 2022 ஜூலையில், சனாதிபதியே நாட்டை விட்டு நீங்கும்படி, முன்னிலும் பெரிய கொந்தளிப்பிலே போய் முடிந்தது.

இந்த வரி யாரிடம் அதிகம் பிடுங்குகிறது என்பதை நான் பணிபுரியும் புல்மோட்டைக் கடற்கரையிலே காணலாம். சிறு படகுகளின் இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. 2022 ஆகஸ்டில் ஒரே இரவில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. கடலிலே மீன் முன்போலவே இருந்தது. கையிலே வலையும் இருந்தது. படகைத் தள்ளத்தான் வழியில்லை. நிலமும் வீடும் பொன்னும் உடையவனுக்கு, விலை ஏறும்போது அவன் உடைமையின் விலையும் ஏறுகிறது. நாட்கூலிக்கும், மாதச் சம்பளத்துக்கும், ஓய்வூதியத்துக்கும் அவ்வாறு ஏறும் வழியில்லை. வறுமைக்கோட்டின் கீழ் வாழ்வோர் 2021இல் நூற்றுக்கு 13 பேராயிருந்து, ஓராண்டில் 25 பேராய் இரட்டித்தனர் என்று உலக வங்கி கணித்தது.

இங்கே கடன்பட்ட நாட்டுக்கே உரிய ஓர் ஆபத்தைச் சொல்லல் வேண்டும். தன் நாணயத்திலே கடன்பட்ட அரசுக்குப் பணவீக்கம் ஒரு வகையில் இலாபமே. நூறு ரூபா கடன் வாங்கி, விலைகள் இரட்டித்தபின் அதே நூறு ரூபாவைத் திருப்பிக் கொடுத்தால், கொடுத்தது உண்மையில் ஐம்பது ரூபாவின் பெறுமதியே. எஞ்சிய ஐம்பதை இழந்தவன் யார்? நம் நாட்டிலே அரசுக்குப் பெருங்கடன் கொடுத்தோருள் முதன்மையானது ஊழியர் சேமலாப நிதி. தேயிலை கொய்பவளும், ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தவளும், கடைச் சிப்பந்தியும் முதுமைக்கென்று மாதந்தோறும் சேர்த்த பணம் அது. ஆகவே வீக்கத்தினால் கடன் கரைகிறது என்றால், அவ்வெளிய மக்களின் சேமிப்புக் கரைகிறது என்பதே பொருள். டொலரிலே பட்ட கடனோ கரையாது, பெருகும். ஒரு டொலர் 200 ரூபாவாயிருந்தபோது வாங்கிய கடனை, 360 ரூபா கொடுத்துத் தீர்க்கவேண்டும். உள்ளூரிற் கடன் கொடுத்த ஏழையை ஏமாற்றி, வெளியூரிற் கடன் கொடுத்தவனுக்கு மேலும் கடனாளியாக்குவதே பணவீக்கம். இவ்வழியில் எந்த நாடும் கரையேறியதில்லை.

மற்றொரு மயக்கத்தையும் நீக்குதல் நலம். 2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதமாகக் குறைந்தது என்று செய்தி வந்தபோது, "அப்படியானால் பாணின் விலை ஏன் பழைய நிலைக்கு வரவில்லை?" என்று பலர் வினவினர். நியாயமான வினா. 2021 செப்டெம்பரில் நூறு ரூபாவுக்கு வாங்கிய பொருட்கூடை, அடுத்த செப்டெம்பரில் ஏறக்குறைய 170 ரூபாவாயிற்று. அதற்கடுத்த செப்டெம்பரில் ஏறக்குறைய 172 ரூபா. ஏறுவது நின்றதேயன்றி, ஏறியது இறங்கவில்லை. காய்ச்சல் தணிந்தது, காய்ச்சலிலே மெலிந்த உடல் இன்னும் தேறவில்லை. தேறுவதற்கு மருந்து ஒன்றே: வருமானம் வளரவேண்டும், அதாவது உற்பத்தி வளரவேண்டும்.

காய்ச்சலைத் தணித்த மருந்தும் கசப்பானதே. வட்டி வீதம் ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தப்பட்டது. பெறுமதி சேர் வரி 2024இல் 18 சதவீதமாயிற்று. 2023 மார்ச் 20ஆம் தேதி சர்வதேச நாணய நிதியம் ஏறக்குறைய 300 கோடி டொலர் உதவிக்கு இசைந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய மத்திய வங்கிச் சட்டம், அரசின் செலவுக்குப் பணம் அச்சிடுவதைத் தடுத்தது. பணவீக்கத்துக்கு 5 சதவீதம் என்று இலக்கும் குறிக்கப்பட்டது. இலக்குத் தொடர்ந்து தவறினால் வங்கி பாராளுமன்றத்துக்குக் காரணம் கூறவேண்டும். இந்தியா 1997இல் கட்டிய வேலியை நாம் 2023இல் கட்டினோம். 2022இல் 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கிய நம் பொருளாதாரம், 2024இல் 5 சதவீதம் வளர்ந்தது.

வளரும் அயலவனோடு கடன்பட்டவன் எவ்வாறு பழகுதல் வேண்டும் என்பதும் சிந்திக்கத்தக்கது. 2022இல் இந்தியா ஏறத்தாழ 400 கோடி டொலர் அளவுக்குக் கடனாகவும் கைமாற்றாகவும் உதவிற்று. தமிழ்நாட்டிலிருந்து அரிசியும் பால்மாவும் மருந்தும் கப்பலில் வந்தன. இவ்வுதவி நன்றியுடன் நினைக்கத்தக்கது. அதே ஆண்டு ஜனவரியில், இரண்டாம் உலகப்போர்க் காலத்துத் திருகோணமலை எண்ணெய்க் குதங்கள் பற்றி ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. சீனக்குடாவிலே நிற்கும் 99 குதங்களுள் 24 நமது பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14 இந்திய எண்ணெய் நிறுவனத்துக்கும், 61 இரு தரப்பும் கூடிய கம்பனிக்கும் என வகுக்கப்பட்டன. அக்கம்பனியில் நமது பங்கு நூற்றுக்கு 51. வளரும் நாட்டின் பெருஞ்சந்தை நம் வாசலிலே இருப்பது நற்பேறு. ஆனால் கடன் கழுத்தை நெரிக்கும் வேளையிற் செய்யும் பேரமும், கையிற் கொஞ்சம் பணம் வைத்துக்கொண்டு செய்யும் பேரமும் ஒன்றாகா. பசித்தவன் சந்தைக்குப் போனால் விலை கேட்கமாட்டான்.

எங்கள் ஊர் மணலே இதற்குச் சான்று. கொக்கிளாய் வரை நீளும் கரையிலே இல்மனைற், ரூட்டைல், சிர்க்கோன் ஆகிய கனியங்கள் செறிந்த கரிய மணல் உண்டு. 1957ஆம் ஆண்டில் இதற்கெனக் கனிய மணல் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், அம்மணல் பெரும்பாலும் கழுவிப் பிரித்த மணலாகவே கப்பலேறுகிறது. இல்மனைற்றிலிருந்தே வெண்ணிறப் பூச்சுகளுக்கு வேண்டிய வெண்சாயம் எடுக்கப்படுகிறது. மணலை மலிவாய் விற்றுவிட்டு, அம்மணலிற் பிறந்த சாயத்தை டொலர் கொடுத்து வாங்கி நம் வீட்டுச் சுவருக்குப் பூசுகிறோம். பாடசாலைச் சுவரும் இதற்கு விலக்கன்று. மணலுக்கும் சாயத்துக்கும் இடையே இருப்பது இரசாயனமும், இயந்திரமும், பயிற்சி பெற்ற கைகளும், தடையற்ற மின்சாரமும், கடலையும் கரையையும் கெடுக்காத முறையுமே. அந்த இடைவெளிக்குத்தான் வளர்ச்சி என்று பெயர். அதனைக் கடக்கும் கைகள் இன்று எங்கள் வகுப்பறைகளிலே விஞ்ஞானப் பாடம் கேட்டுக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு வேலையை உள்ளூரிலே ஆயத்தப்படுத்தாவிடின், மணலைப்போல அவையும் கப்பலேறிவிடும்.

காலம் நமக்காகக் காத்திராது. அயல்நாடுகளிடம் பட்ட கடன்களின் முதலை 2028ஆம் ஆண்டிலிருந்து திருப்பிச் செலுத்தத் தொடங்கவேண்டும். அதற்கிடையில், 2025 நொவெம்பர் இறுதியில் 'டித்வா' புயல் வந்து அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்து, பாதைகளையும் பாலங்களையும் வயல்களையும் அழித்துச் சென்றது. இத்தகைய வேளையிற்றான் வேலியைத் தாண்டும் ஆசை அரசுகளுக்கு எழும். "மக்கள் துயரப்படுகிறார்கள், சட்டத்தைச் சற்றே தளர்த்திப் பணம் அச்சிடலாகாதா?" என்னும் குரல் இரக்கத்தின் குரலாகவே ஒலிக்கும். புயலில் வீடிழந்தவனுக்கு அச்சிட்ட பணத்தை ஒரு கையாற் கொடுத்து, விலையேற்றத்தால் மறு கையாற் பறிப்பது இரக்கமாகாது என்பதை நாம் உணர்ந்திருத்தல் வேண்டும். இடருக்கு உதவி தேடலாம், வரியாய்த் திரட்டலாம், வீண் செலவைக் குறைத்துக் கொடுக்கலாம். இவை யாவும் கடினமானவை, ஆனால் மெய்யானவை.

நேயர்களே, பொருளாதாரம் அறிஞர்க்கு மட்டும் உரிய துறையென்று பொதுமக்கள் ஒதுங்கிநின்றதன் பலனைக் கண்டோம். இனிமேல் அரசு கடன் வாங்குகிறது என்ற செய்தி வரும்போதெல்லாம் மூன்று வினாக்களைக் கேட்போம். எந்த நாணயத்தில் வாங்குகிறது? எதற்காக வாங்குகிறது? அந்த நாணயத்தை ஈட்டித் தரப்போவது எது? மூன்றாவது வினாவுக்கு விடையில்லையெனில், அக்கடனைத் தீர்க்கப்போவது பணவீக்கம். அதாவது, நம் கூலியும் நம் சேமிப்பும். இவ்வினாக்களைக் கேட்பதற்குப் பட்டம் வேண்டியதில்லை. ஒவ்வொரு மாத முதலிலும் சம்பளத்தை எண்ணி, அரிசிக்கு இவ்வளவு, பிள்ளையின் கொப்பிக்கு இவ்வளவு என்று பிரித்துவைக்கும் குடும்பத் தலைவிக்கு இவை நன்கு தெரிந்தவையே. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்னும் பழமொழியை அவள் நாட்டுக்கும் நினைவூட்டட்டும்.